பட்டியலிலேயே உருகிய நெய்

கல்யாணச் சமையலில் கொதிக்கிற உலையிலிருந்து யாரும் அரிசி எடுக்க மாட்டார்கள். பத்துப் பேர் கரண்டியும் கையுமாக நிற்கிற இடத்தில் அது நடக்காது. எடுக்க நினைப்பவர் கல்யாணத்துக்குப் பதினைந்து நாள் முன்பே, திண்ணையில் உட்கார்ந்து சாமான் பட்டியல் போடும்போதே எடுத்துவிடுவார். 300 இலைக்கு 500 இலைக்கான பருப்பு எழுதப்படும். 8 கிலோ நெய் போதும் என்கிற இடத்தில் 15 கிலோ என்று விழும். பட்டியல் எழுதியாகிவிட்டால் அதற்குப் பிறகு எல்லாமே முறைப்படி நடக்கும். கடை பில் சரியாக இருக்கும், பணம் சரியாகக் கொடுக்கப்படும், ரசீது நோட்டில் ஒட்டப்படும். கணக்குப் பார்க்கிற பெரியப்பா கடைசியில் கூட்டிப் பார்த்தால் பைசா பிசகாது. பந்தியில் உட்கார்ந்தவருக்குத்தான் பருப்பில் நெய் வாசனை வராது.

ஊராட்சிப் பணம் காணாமல் போகிற விதமும் இதுதான். ‘தலைவர் பணத்தை அடிச்சுட்டார்’ என்று டீக்கடையில் பேசும்போது, அவர் பீரோவைத் திறந்து கட்டுக்கட்டாக எடுத்துப் போனது போல ஒரு படம் நம் மனதில் ஓடுகிறது. இன்றைக்கு அப்படி எடுப்பது கடினம். பணம் வங்கியில் இருக்கிறது. செலவு இணையத்தில் பதிவாகிறது. காண்ட்ராக்டரின் கணக்குக்குத் தொகை நேராகப் போகிறது. இத்தனை பூட்டு போட்டும் இரண்டு மழைக்குச் சாலை பெயர்கிறதென்றால், ஓட்டை வேறெங்கோ இருக்கிறது. அதைத் தேடச் சமையற்கட்டுக்குள் போவோம்.

யார் வீட்டுக் கல்யாணம்?

பணத்துக்கு உரிய கல்யாண வீட்டார், ஊர் மக்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வீட்டார் சார்பில் முன்னின்று நடத்துபவர் ஊராட்சித் தலைவர். நோட்டு எழுதுபவர் ஊராட்சிச் செயலர். சாமான் பட்டியல் போடுபவர் ஒன்றிய அலுவலகத்துப் பொறியாளர்; ஊரில் அவரை இன்னும் ஓவர்சீயர் என்றே சொல்கிறார்கள். அவர் போடும் பட்டியலுக்கு எஸ்டிமேட் என்று பெயர். அதற்கு அனுமதி தருபவர்கள் பி.டி.ஓ. எனப்படும் வட்டார வளர்ச்சி அலுவலரும், தொகை பெரிதானால் அவருக்கு மேலே உள்ளவர்களும். அடுப்படியில் நிற்பவர் காண்ட்ராக்டர்.

சமையல் முடிந்ததும் ருசி பார்ப்பவர் யார்? வேலை முடிந்த பிறகு டேப்பை வைத்து அளந்து, எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தில் நீளம், அகலம், கனம் எழுதிக் கையெழுத்துப் போடுபவரும் அதே பொறியியல் பிரிவைச் சேர்ந்தவர்தான். பட்டியல் போட்ட கையே ‘உப்பு, காரம் சரியாக இருக்கிறது’ என்றும் எழுதிக் கொடுக்கிறது. மேலதிகாரி மறு அளவு எடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரு ஒன்றியத்தில் நடக்கும் வேலைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் அந்த மறு அளவு எத்தனை தெருவில் தரையைத் தொடும் என்பதை நாமே யோசித்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் சுமார் 12,500 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் போன்ற சொந்த வருவாய் பெரும்பாலான ஊர்களில் சொற்பம். பெரிய பணம் மேலிருந்து வருவது: மாநில நிதிக்குழு மானியம், மத்திய நிதிக்குழு மானியம், தனித்தனித் திட்டங்களின் நிதி. 15-ஆவது மத்திய நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுக்கு நாடு முழுவதும் உள்ள ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்தது 2,36,805 கோடி ரூபாய். அதில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவாக வேண்டும் என்றும் விதித்தது. வெளியூர்ச் சொந்தக்காரர் பணம் அனுப்பி ‘இது பாயசத்துக்கு மட்டும்’ என்று சொல்லிவிடுவது போல. எதற்குச் செலவழிக்க வேண்டும் என்பதை அவர் உறுதி செய்துவிட்டார். பாயசத்தில் எத்தனை முந்திரி விழுந்தது என்பதை அங்கிருந்து அவரால் பார்க்க முடியாது.

சாவி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உக்கிராண அறைக்கு இரண்டு பூட்டு. தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் பணம் வெளியே வரும். காசோலைக் காலத்து வழக்கம் இன்று கணினிக் கையெழுத்தாகத் தொடர்கிறது. ஒருவர் தப்பு செய்தால் மற்றவர் தடுப்பார் என்பதற்காக வைத்த ஏற்பாடு இது. பல ஊர்களில் இதுவே வேறு வேலை செய்கிறது. தனித்தொகுதியில் ஜெயித்து வந்த தலித் தலைவரை, குறிப்பாகப் பெண் தலைவரை, ஆதிக்கச் சாதித் துணைத் தலைவர் கையெழுத்து மறுத்தே முடக்கிவிடுகிறார். தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் வாங்கக்கூட முடியாமல் ஆக்கி, ‘இந்தம்மாவுக்கு நிர்வாகம் தெரியவில்லை’ என்று ஊரைப் பேசவைத்து, கடைசியில் தாம் சொல்லும் காண்ட்ராக்டருக்கு வேலை தர வைக்கிறார். மதுரை மாவட்டம் மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டது, ‘தலித்துகள் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது’ என்பதற்காக. ஊராட்சி ஊழலைப் பேசும்போது சாதியைப் பேசாமல் விடுகிற கட்டுரைகள் பாதிக் கதையைத்தான் சொல்கின்றன.

வீட்டாரே இல்லாத கல்யாணங்களும் நடந்திருக்கின்றன. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்த பிறகு 2019 டிசம்பர் வரை தமிழ்நாட்டு ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்களே கிடையாது. ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரில்தான் தேர்தல் நடந்தது. 2019-இல் வந்தவர்களின் காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்ததும் அவர்கள் இருந்த மற்ற மாவட்டங்களின் ஊராட்சிகள் மறுபடி அரசு நியமித்த தனி அலுவலர்கள் கைக்குப் போயின. பட்டியல் போடுவதும், சமைப்பதும், ருசி பார்ப்பதும், நோட்டு எழுதுவதும் ஒரே தரப்பு என்றால் கேள்வி கேட்க வார்டு மெம்பர்கூட மிஞ்சுவதில்லை.

கரைகிற சாமான்கள்

உக்கிராணத்தில் வேலை பார்த்த எவரைக் கேட்டாலும் சொல்வார்: பூசணிக்காயைத் திருடுவது கஷ்டம், பெருங்காயத்தைத் திருடுவது சுலபம். பூசணி கண்ணுக்குத் தெரியும். பெருங்காயம், ஏலக்காய், நெய், சர்க்கரை எல்லாம் கரைந்து போகிறவை. ‘போட்டாச்சு’ என்று சொல்லிவிட்டால் அண்டாவுக்குள் கையை விட்டுத் திரும்ப எடுத்துக் காட்டச் சொல்ல முடியாது.

ஊராட்சியின் பெருங்காயம் பிளீச்சிங் பவுடர். தண்ணீர்த் தொட்டியில் போட்டாகிவிட்டது, வாய்க்கால் ஓரம் தூவியாகிவிட்டது என்று எழுதினால் முடிந்தது. அடுத்து மோட்டார். ‘காயில் எரிந்துவிட்டது, ரீவைண்டிங் செய்தோம்’ என்று ஒரே மோட்டாருக்கு ஒரே வருடத்தில் பலமுறை பில் வரலாம். பிறகு தெருவிளக்கு பல்பு, பைப் உடைப்பு சரிசெய்தல், தொட்டி கழுவிய கூலி, ஜே.சி.பி. வாடகை, புதர் அகற்றல். எல்லாமே சின்னத் தொகை. எதற்கும் டெண்டர் தேவைப்படாது. எதுவும் ஆறு மாதம் கழித்து வந்து பார்க்கிறவருக்குத் தடயம் வைக்காது.

தணிக்கை இல்லையா என்றால், இருக்கிறது. துணை வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் தணிக்கைக்கென்றே இருக்கிறார். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை தனியாக இருக்கிறது. அவர்கள் மேசைக்கு வருவது கடை பில்லும் பதிவேடும். பில் இல்லாத செலவைப் பிடிப்பார்கள், கூட்டல் தவறைப் பிடிப்பார்கள், தீர்மானம் இல்லாமல் செய்த செலவுக்குத் தணிக்கைத் தடை எழுதுவார்கள். அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. எத்தனையோ தலைவர்கள் பணத்தைத் திருப்பிக் கட்டியது அந்தத் தடையால்தான். ஆனால் பில்லும் பதிவேடும் ஒத்துப்போகும்படி முதலிலேயே பட்டியல் போட்டவரை அவர்களால் மேசையில் உட்கார்ந்தபடி பிடிக்க முடியாது. ஒரே அண்டா சாம்பாரைப் பெண் வீட்டார் கணக்கில் ஒருமுறை, மாப்பிள்ளை வீட்டார் கணக்கில் ஒருமுறை எழுதுவது போல, ஒரே தெருவை இரண்டு திட்டங்களின் பெயரில் காட்டிய சங்கதியும் உண்டு. இரண்டு நோட்டையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பவர் கண்ணில்தான் அது படும்.

ஒரு சாலையின் சமையல் குறிப்பு

இனி ஓர் அண்டாவை மட்டும் திறந்து பார்ப்போம். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் கொண்ட சிமென்ட் சாலை. பெருக்கினால் 45 கன மீட்டர் கான்கிரீட். எஸ்டிமேட்டில் எம்-20 தரம் என்று இருக்கும். ஒரு பங்கு சிமென்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. இந்தக் கலவையில் கன மீட்டருக்கு ஏறக்குறைய 8 மூட்டை சிமென்ட் பிடிக்கும். அப்படியானால் மொத்தம் 360 மூட்டை.

இப்போது மூன்று சின்னக் குறைப்புகள். அகலம் 3 மீட்டருக்கு 2.8. இருபது சென்டிமீட்டர் குறைந்ததை நடந்து போகிறவர் கவனிக்க மாட்டார். கனம் சராசரியாக 10 சென்டிமீட்டர். கலவை ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு. அதற்குக் கன மீட்டருக்குச் சுமார் 6 மூட்டை போதும். பெருக்கிப் பாருங்கள்: 28 கன மீட்டர், 168 மூட்டை. பட்டியலில் 360, சாலையில் 168. நீளம் மட்டும் 100 மீட்டர் அப்படியே இருக்கிறது, ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் அளப்பார்கள்.

கனத்தைக் குறைக்கும் கைவேலையைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். ஓரத்தில் பலகை அடிப்பார்கள். பலகையின் உயரம் சரியாக 15 சென்டிமீட்டர். நடுவில் மண்ணையோ கிராவலையோ மேடாக்கி இறுக்கிவிடுவார்கள். மேலே கான்கிரீட் போட்டு மட்டம் தட்டினால் பலகையைக் கழற்றிய பிறகு ஓரத்தில் வைக்கிற ஸ்கேல் 15 காட்டும். நடுத்தெருவில் எட்டோ ஒன்பதோதான் இருக்கும். எங்கள் பக்கத்துத் தெரு ஒன்றில் வீட்டுக் குழாய் இணைப்புக்காகச் சாலையைக் குறுக்கே வெட்டியபோது அந்த வெட்டு முகம் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு ஓரமும் தடித்து, நடுவில் மெலிந்து, கீழே செம்மண் மேடு. ஜல்லிக்கு இடையில் சாம்பல் நிறமே குறைவு. விரலால் சுரண்டினால் மணல் உதிர்ந்தது. தெரு முனையில் திட்டப் பலகை நின்றது. வேலையின் பெயர், திட்டம், ஆண்டு, மதிப்பீட்டுத் தொகை எல்லாம் பெயின்டில் எழுதியிருந்தார்கள். கனம் எழுதவில்லை. அதன் பிறகு நான் பார்க்கிற பலகைகளிலெல்லாம் கனத்தைத் தேடுகிறேன். இதுவரை கிடைக்கவில்லை.

காண்ட்ராக்டர் கெட்டவர், அதனால் இப்படி என்று முடித்துவிடுவது தவறு. அவர் கணக்கைப் பார்க்க வேண்டும். வேலை ஆர்டர் கைக்கு வரும்போது ஒரு பங்கு, பில் பாஸ் ஆகும்போது ஒரு பங்கு, அளவு எழுதும்போது ஒரு பங்கு, அரசியல் தரப்புக்கு ஒரு பங்கு. ஊரில் இதற்குப் ‘பர்சென்டேஜ்’ என்று பெயர். வெட்கமில்லாமல் சொல்லும் அளவுக்குப் பழகிய சொல். 100 ரூபாய் வேலையில் 25 ரூபாய் இப்படி வெளியே போவதாக வைத்துக்கொள்ளுங்கள். மீதி 75-இல் அவர் தன் லாபத்தையும் எடுத்துக்கொண்டு, 100 ரூபாய்க்குப் போட்ட பட்டியலின்படி சமைக்க முடியுமா? முடியாது. நெய்யைக் குறைத்தே ஆக வேண்டும். நேர்மையான காண்ட்ராக்டர் ஒருவர் டெண்டருக்கு வந்தால் அவர் கணக்கே நிற்காது. ஒன்று பழகிக்கொள்வார், இல்லை தொழிலை விட்டுப் போய்விடுவார். பங்கு கேட்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு நியாயம் இருக்கும். தலைவர் தேர்தலில் செலவழித்ததைச் சொல்வார், அலுவலர் இடமாறுதலுக்குக் கொடுத்ததைச் சொல்வார். தெருவில் நடக்கிற கிழவிக்கு இந்த நியாயம் எதுவும் தெரியாது. மழை நாளில் பெயர்ந்த ஜல்லியில் கால் வழுக்குவது மட்டும் தெரியும்.

விலையைக் கூட்டி எழுதலாமே, அளவில் ஏன் கைவைக்கிறார்கள்? ஏனென்றால் விலை எல்லோருக்கும் தெரியும். பருப்பு கிலோ 400 ரூபாய் என்று எழுதினால் சமையற்கட்டுக்கு வந்த சின்னப் பையன்கூடச் சிரிப்பான். பொதுப்பணித் துறை ஆண்டுதோறும் விலைவிகிதப் பட்டியல் வெளியிடுகிறது. அதற்கு மேல் எழுத முடியாது. அளவு அப்படியில்லை. 300 இலைக்கு எத்தனை கிலோ பருப்பு வேண்டும் என்பது கைப்பழக்கம் உள்ளவருக்கு மட்டுமே தெரியும்.

வராத விருந்தாளிக்கு இலை

இலைக் கணக்கு வேறு ரகம். வராதவர் பெயரில் இலை போட்டுச் சாப்பாட்டை வெளியே அனுப்புவது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் வருகைப் பதிவேடு, அதாவது மஸ்டர் ரோல், இதற்கு வாகாக இருந்தது. இறந்தவர் பெயரில் வருகை, திருப்பூருக்கு வேலைக்குப் போனவர் பெயரில் வருகை. கூலி நேரடியாக வங்கிக் கணக்குக்குப் போகத் தொடங்கியதும் வழி மாறியது. வேலைக்கு வராத அட்டைதாரர் கணக்கில் கூலி விழும். ஒரு பங்கை அவர் வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார். திருடியவரும் திருட்டுக்குத் துணைபோனவரும் ஒரே தெருவில் இருப்பதால் புகார் கொடுக்க ஆளில்லாமல் போகிறது. உண்மையாக மண் வெட்டுகிற பெண்ணின் கூலிதான் இதில் குறைகிறது. மொத்த வேலையின் அளவை எல்லா இலைக்கும் பிரித்துத்தானே கூலி போடுகிறார்கள்!

2023 ஜனவரியிலிருந்து வேலைத்தளத்தில் ஒரு நாளைக்கு இரண்டு முறை போட்டோ எடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும் என்றாக்கினார்கள். 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை அனுப்பி, சம்பந்தமில்லாத படங்களும், படத்தையே மறுபடி படம் எடுத்தவையும் ஏற்றப்படுவதாகச் சொல்ல வேண்டி வந்தது. படத்தைப் பார்த்துத் தலை எண்ண ஆளில்லாத இடத்தில் கேமராவால் என்ன பயன்?

வடையும் சாம்பாரும்

இந்த விஷயத்தில் நான் படித்ததிலேயே அதிகம் யோசிக்க வைத்தது இந்தோனேசியாவில் நடந்த ஓர் ஆய்வு. பெஞ்சமின் ஓல்கன் என்ற பொருளாதார அறிஞர் ஜாவாவில் 600-க்கும் மேற்பட்ட கிராமங்களில் போடப்பட்ட சாலைகளை எடுத்துக்கொண்டார். உலக வங்கி ஆதரவில் ஊரே நடத்திய வேலைகள் அவை. சாலை முடிந்ததும் பொறியாளர்களை அனுப்பி ஆங்காங்கே தோண்டி, கல், மணல், சரளை எவ்வளவு இருக்கிறது என்று அளந்தார். உள்ளூர்க் கடைகளில் விலை விசாரித்தார். வேலை செய்தவர்களிடம் கூலி கேட்டார். அரிசியைப் புடைத்தால் கொஞ்சம் கழிவு போகும் அல்லவா, அதையும் திருட்டு என்று எழுதிவிடக் கூடாது என்பதற்காகத் தாமே சில சோதனைச் சாலைகளைப் போட்டு, இயல்பான சேதாரம் எவ்வளவு என்று கணித்துக் கழித்தார். அதற்குப் பிறகும் பட்டியலில் இருந்து சாலையில் இல்லாதது சராசரியாக நான்கில் ஒரு பங்கு. பெரும்பகுதி அளவில்தான் ஏற்றப்பட்டிருந்தது, விலையில் அவ்வளவு இல்லை.

அவர் சில கிராமங்களில், ‘உங்கள் வேலை கட்டாயம் அரசுத் தணிக்கைக்கு வரும், முடிவு ஊர்க் கூட்டத்தில் படிக்கப்படும்’ என்று முன்கூட்டியே அறிவிக்க ஏற்பாடு செய்தார். அதற்கு முன் அந்த வாய்ப்பு 4 சதவீதம்தான். கட்டாயம் என்றானதும் காணாமல் போகும் பங்கு ஏறக்குறைய 8 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. வேறு சில கிராமங்களில் தணிக்கை எதுவும் கூட்டாமல், கணக்குக் கேட்கும் கூட்டத்துக்கு நிறையப் பேரை அழைத்தார். பெயர் போடாமல் புகார் எழுதப் படிவமும் கொடுத்தார். கூட்டம் பெருகியது, பேச்சும் பெருகியது, ஆனால் மொத்தத் திருட்டு பெரிதாகக் குறையவில்லை. கூலியில் நடந்த திருட்டு குறைந்தது. கல்லிலும் மணலிலும் நடந்தது அப்படியே இருந்தது.

பந்தியில் உட்கார்ந்தவருக்கு இது உடனே விளங்கும். என் இலைக்கு வடை வரவில்லை என்றால் நான் சத்தம் போடுவேன். அது என் வடை. சாம்பாரில் பருப்பு குறைந்தால் யார் சத்தம் போடுவது? அது எல்லோருடைய சாம்பார். எவ்வளவு பருப்பு போட வேண்டும் என்று எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் பக்கத்து இலைக்காரர் பேசட்டுமே என்று இருந்துவிடுவேன். தன் கூலியை ஒவ்வொருவரும் காக்கிறார்கள், ஊர்ச் சரளையை யாரும் காப்பதில்லை. எனவே கூட்டம் கூட்டினால் மட்டும் ஊழல் ஒழியும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அளந்து சொல்லும் ஆள் வேண்டும். அவர் சொன்னதைக் கேட்கக் கூட்டமும் வேண்டும். அந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. தணிக்கை உறுதி என்று அறிவித்த ஊர்களில் வேலை வாய்ப்பு தலைமையின் சொந்தக்காரர்களுக்கு அதிகமாகப் போனது. ஓர் ஓட்டையை அடைத்தால் தண்ணீர் இன்னொன்றைத் தேடும்.

ருசி பார்க்கும் உரிமை

நம் நாட்டில் அளவையும் கூட்டத்தையும் ஒன்றுசேர்த்தவர்கள் ராஜஸ்தானின் கூலித் தொழிலாளர்கள். அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் முதலானோர் 1990-இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன், 1994 டிசம்பர் 2 அன்று கோட் கிரானா என்ற ஊரில் முதல் பொது விசாரணையை நடத்தியது. வழக்கமான கூட்டம் போலப் பேச்சாளர்கள் முழங்கவில்லை. ஊராட்சி வேலைகளின் மஸ்டர் ரோலையும் பில்லையும் ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். பெயர் படிக்கப் படிக்க, அந்த ஆளே எழுந்து நின்று ‘நான் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை’ என்றார். எழுத்தில் சரியாக இருந்த கணக்கு காதில் விழுந்ததும் உடைந்தது. அந்த ஆவணங்களைக் கேட்டுத்தான் அவர்கள் 1996-இல் பியாவரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். 2005-இன் தகவல் பெறும் உரிமைச் சட்டத்துக்கு உரம் அங்கிருந்து வந்தது. தமிழ்நாடு 1997-இலேயே இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்த முதல் மாநிலம். விதிவிலக்குகள் மலிந்திருந்ததால் அது கையில் பிடிக்க முடியாத கத்தியாகவே இருந்தது. அதே 2005-இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு சமூகத் தணிக்கையைக் கிராம சபையின் உரிமையாகவே எழுதிவைத்தது.

ருசி பார்ப்பது ஆபத்தில்லாத வேலை என்று சொல்ல மாட்டேன். 2008 மே மாதம் ஜார்க்கண்டின் பலாமூ பகுதியில், வேலைத் திட்டத்தின் சமூகத் தணிக்கைக்கு உதவிக்கொண்டிருந்த லலித் மேத்தா கொலை செய்யப்பட்டார். தனியாளாகத் தகவல் கேட்டு மனுப் போடாமல் நான்கைந்து பேராகப் போடுவது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். பெண்கள் சுய உதவிக் குழுவோ, இளைஞர் மன்றமோ முன்னால் நின்றால் இன்னும் நல்லது.

தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 2(j) பலர் கண்ணில் படாதது. அரசு வேலை நடக்கும் இடத்தை நேரில் பார்வையிடவும், பதிவேடுகளைப் புரட்டிக் குறிப்பெடுக்கவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் குடிமகனுக்கு உரிமை இருக்கிறது என்கிறது அது. கரண்டியை விட்டு அண்டாவின் அடிவரை கிளறி எடுத்துக் காட்டச் சொல்லும் உரிமை. ‘எங்கள் தெருச் சாலை பற்றிய முழு விவரம் தருக’ என்று எழுதினால் தொகையும் தேதியும் மட்டும் வரும். எஸ்டிமேட்டின் நகல், அந்த வேலைக்கான எம்-புக் பக்கங்களின் நகல், மறு அளவு எடுத்தவர் பதவியும் தேதியும், கான்கிரீட் சோதனை அறிக்கை என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

நகல் கைக்கு வந்ததும் அதில் உள்ள கனத்தையும் அகலத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, குழாய்க்கோ கேபிளுக்கோ ஏற்கெனவே வெட்டிய இடங்களில் நடுத்தெருவில் அளந்து பாருங்கள். ஓரத்தில் அளக்காதீர்கள். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்தக் கூட்டத்தில் ‘ஊழல்’ என்று கத்தினால் சண்டை வரும், போலீஸ் வரும், கூட்டம் கலையும். ‘எம்-புக்கில் கனம் 15 சென்டிமீட்டர், மூன்று இடங்களில் அளந்ததில் இவ்வளவு, மறு அளவு எடுக்க வேண்டும்’ என்று எண்களை மட்டும் சொல்லித் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் போட வேண்டாம். எழுத மறுத்தால், மறுத்த விவரத்தோடு அளவுகளையும் படங்களையும் சேர்த்து மாவட்ட ஆட்சியருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற பொறுப்பு சட்டப்படி அவருடையது.